தேர்தல் தோல்விக்குத் துக்கம்: யூத முறையிலிருந்து எதை எடுக்கலாம், எதை விடவேண்டும்?

அரசலாறு

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு சிறிய வாசகர் வட்டத்துக்காகக் கேட்கிறேன். உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தத் தேர்தலில் ஒரே பக்கம் நின்று வேலை பார்த்தவர்கள். முடிவு எதிராகப் போய்விட்டது. எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்பதை இங்கே இழுக்க வேண்டாம். அதற்குப் பிறகு கூட்டங்களில் ஒன்று சண்டை நடக்கிறது, இல்லாவிட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

2016 அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகு அங்குள்ள யூதர்கள் சிலர் "ஷிவா உட்காருகிறோம்" என்று சொன்னதைப் படித்த ஒருவர், நாமும் அப்படி ஒரு மாலை வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். இருபது பேர் வருவார்கள். அடுத்த கூட்டம் நடக்கும்போது முடிவு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஏழு நாள் துக்கத்தை ஒரு மாலைக்குள் சுருக்க முடியுமா? எது செய்தால் யூதர்களுக்கே அவமரியாதை ஆகும்? என்ன வாசிப்பது, என்ன சாப்பிடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாறு

முதலில் ஷிவாவை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அது அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவி இறந்தால் அடக்கம் முடிந்ததிலிருந்து ஏழு நாள் வீட்டில் உட்காரும் துக்கம். கட்சிக்கோ நாட்டுக்கோ அது இல்லை. அதைவிடச் சிக்கல் ஒன்று உண்டு. உயிரோடு இருக்கும் ஒருவருக்காக ஷிவா உட்கார்வது என்றால், பழைய யூதக் குடும்பங்களில் மதம் மாறிய பிள்ளையைத் தலைமுழுகுவதற்குச் சமம். தோற்ற வேட்பாளருக்காக உட்கார்ந்தால் அவரைச் சாகடித்ததாகும், நாட்டுக்காக உட்கார்ந்தால் நாட்டைத் தலைமுழுகியதாகும். நீங்கள் நினைப்பது இரண்டும் இல்லை.

துக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் கத்தீஷ் என்ற பிரார்த்தனையும் வேண்டாம். அரமேய மொழியில் உள்ள அந்த வரிகளில் சாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது, முழுக்கக் கடவுள் துதி. பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம் என்ற விதியும் உண்டு. அர்த்தம் தெரியாமல் 'சோகப் பாட்டு' என்று எடுத்துச் சொல்வது நிச்சயம் அவமரியாதை.

இனி எடுத்துக்கொள்ளக்கூடியது. யூத மரபில் துக்கம் இரண்டு வகை. வீட்டில் சாவு விழுந்தால் வருவது புதிய துக்கம். எருசலேம் ஆலயம் அழிந்ததற்காக ஊரே கூடிக் கடைப்பிடிப்பது பழைய துக்கம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன என்பதை எடுத்துக் காட்டியவர் 20-ஆம் நூற்றாண்டின் பெரிய ரப்பி (யூத மத குரு) ஜோசப் சொலவெய்ச்சிக். வீட்டுத் துக்கம் உச்சத்தில் தொடங்கி இறங்கும்: அடக்கத்துக்கு முந்தைய நேரம்தான் கடுமை, பிறகு 7 நாள், 30 நாள், பெற்றோர் என்றால் 12 மாதம். பொதுத் துக்கமோ லேசாகத் தொடங்கி ஏறும்: யூத நாட்காட்டியில் தம்மூஸ் மாதம் 17-இல் ஒரு பகல் நோன்பு, அதிலிருந்து மூன்று வாரம் கல்யாணம் கிடையாது, ஆவ் மாதம் பிறந்தால் இறைச்சியும் திராட்சை ரசமும் கிடையாது, ஆவ் 9 அன்று தண்ணீர்கூட இல்லாத 25 மணி நேர நோன்பு. அந்த நாளைத்தான் தீஷா பே-ஆவ் என்கிறார்கள். கி.மு. 586-இல் முதல் ஆலயமும் கி.பி. 70-இல் இரண்டாம் ஆலயமும் அழிந்ததை அன்று நினைக்கிறார்கள்.

காரணம் எளிது. சொந்தச் சாவின் துக்கம் கூப்பிடாமலே வந்துவிடும், சட்டத்தின் வேலை அதைப் படிப்படியாக இறக்குவது. பொதுவான இழப்பின் துக்கம் தானாக வராது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைக்க வேண்டும். தேர்தல் தோல்வியில் நடக்கும் குழப்பமே இதுதான். முதல் வாரம் வீட்டுச் சாவு மாதிரி அடிக்கிறது, இரண்டு மாதம் போனால் என்ன இழந்தோம் என்றே யாருக்கும் நினைவில்லை. தோற்றவரின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

அரசியலுக்கே நேராகப் பொருந்தும் நாள் ஒன்றும் இருக்கிறது: கெதலியா நோன்பு. பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் யூதா நாட்டைப் பிடித்த பிறகு அகீக்காமின் மகன் கெதலியாவை அதிபதியாக வைத்தான். மிஞ்சிய கொஞ்சநஞ்சச் சுயாட்சி அவர் ஒருவரிடம் நின்றது. அரச குலத்தைச் சேர்ந்த இஸ்மவேல் உன்னைக் கொல்ல வருகிறான் என்று யோகனான் என்ற படைத்தலைவர் எச்சரித்தும் அவர் நம்பவில்லை. மிஸ்பாவில் சாப்பாட்டுப் பந்தியிலேயே வெட்டப்பட்டார். மிஞ்சிய ஜனம் பயந்து எகிப்துக்கு ஓடியது. விவரம் வேதாகமத்தில் எரேமியா 40 முதல் 43 வரை இருக்கிறது. திஷ்ரி மாதம் 3-ஆம் நாள் இன்றுவரை இதற்காக நோன்பு இருக்கிறார்கள். அது விடியலிலிருந்து இருட்டும் வரைதான். ஒரு மனிதரின் கொலையோடு ஓர் அரசியல் ஏற்பாடு முடிந்து போனதற்கான நோன்பு என்பதால், வட்டத்தில் அறிமுகமாகச் சொல்ல இது நல்ல கதை. நம்பாமல் போனது, எச்சரித்தவர் சொல் எடுபடாதது, தோற்றபின் ஊரை விட்டே ஓடியது, எல்லாம் அதில் இருக்கிறது.

முடிவு வந்து ஒரு மாதம் தாண்டிவிடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் விதி உண்டு. சாவுச் செய்தி 30 நாளுக்குள் காதில் விழுந்தால் கேட்டவர் முழு ஏழு நாள் உட்கார வேண்டும். 30 நாள் தாண்டிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு மணி நேரம் போதும்: செருப்பைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து, எழுந்துவிடலாம். உங்களுக்கு ஒரு மாலைகூட வேண்டாம், ஒரு மணி நேரம்தான் அளவு.

குடமுருட்டி

வெண்ணாறு சார் சொன்னதெல்லாம் சரி. நம்ம ஊர்ல இதை எப்படிப் பார்ப்பாங்கன்னும் யோசிச்சு வைங்க.

டெல்டாவுல தண்ணி வரலைன்னா பாடை கட்டி, சங்கு ஊதி, ஒப்பாரி வச்சுப் போராடுறது பழக்கம். அது துக்கம் இல்ல, எதிராளிக்கு அடிக்கிற சாவு மணி. நீங்க தரையில உட்கார்ந்து புலம்பல் படிச்சா வழில போறவன் அதைத்தான் நினைப்பான். ஜெயிச்ச கட்சிக்காரன் காதுக்குப் போச்சுன்னா மண்டப வாசல்ல வந்து நிப்பான். அதனால பொது இடம் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், கதவை ஒருக்களிச்சு வச்சு உள்ளுக்குள்ள நடத்துங்க. அழைப்பிதழைக் கண்ணீர் அஞ்சலி மாதிரி கறுப்புக் கட்டம் போட்டு யாராவது டிசைன் பண்ணுவாங்க, விடாதீங்க. வேட்பாளர் படத்துக்கு முன்னாடி விளக்கோ மெழுகுவத்தியோ ஏத்தினா கதை முடிஞ்சது. உயிரோட இருக்கிற ஆள், அவர் வீட்டுக்காரங்களே சண்டைக்கு வருவாங்க. படமே வைக்காதீங்க. கறுப்புப் பட்டையும் வேண்டாம், இங்க அது கண்டனம்னுதான் அர்த்தம்.

இன்னொண்ணு. கீழ்வெண்மணியில 1968 டிசம்பர் 25-ல 44 பேரைக் குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க. வருஷா வருஷம் அதே தேதியில அங்க கூடுறாங்க. இந்த மண்ணுல பொதுத் துக்கம்னா அது. ஓட்டு எண்ணிக்கையில தோத்ததை அந்த வரிசையில வச்சுப் பேசாதீங்க. அதே மாதிரி நாஜி இனப்படுகொலைக்கு யூதர்கள் ஏத்துற விளக்கையும் இதுக்குள்ள கொண்டு வராதீங்க.

யூதர்களே இதுல ஜாக்கிரதையாத்தான் இருந்திருக்காங்க. பைபிள்ல எண்ணாகமம் 13, 14 படிங்க. கடவுள் தர்றேன்னு சொன்ன நாட்டை வேவு பார்க்கப் போன 12 பேர்ல 10 பேர் "அங்க போனா செத்தோம்"னு வந்து சொல்ல, ஜனம் ராத்திரி முழுக்க அழுதுச்சு. அந்த ராத்திரிதான் ஆவ் 9-ன்னு யூதர்களோட பழைய சட்ட விளக்க நூலான தல்மூத் சொல்லுது. காரணமில்லாம அழுதீங்க, இனி தலைமுறைக்கும் அழ இந்த நாளையே வைக்கிறேன்னு கடவுள் சொன்னாராம். நடந்ததுக்கு அழுங்க, நடக்கப்போகுதுன்னு பயந்து அழாதீங்க. கூட்டத்துல பேசுறவங்களுக்கு இதை முன்னாடியே சொல்லி வைங்க.

அரசலாறு

இருவருக்கும் நன்றி. படம், பட்டை, அஞ்சலி அட்டை எல்லாம் விட்டாயிற்று. ஒரு மணி நேரம் என்பதே பெரிய நிம்மதி. இனி மூன்று சந்தேகங்கள். அந்த ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? அன்று பகல் முழுவதும் எல்லாரும் பட்டினி இருக்கலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள், சரியா? வட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவர்கள். அவர்களை அன்று வரவேண்டாம் என்று சொல்வதா?

வெண்ணாறு

முதலில் உட்காரும் விதம். தீஷா பே-ஆவ் அன்று தோல் செருப்பைக் கழற்றித் தரையில் உட்கார்வதுதான் பெரிய அடையாளம். நம்மிடம் அது அடையாளமே ஆகாது, செருப்பை வாசலில் விட்டு ஜமக்காளத்தில் உட்கார்வது தினப்படி வழக்கம். பலர் இதைக் கவனிக்காமல் ஏற்பாடு செய்து, கடைசியில் அது இன்னொரு சாதாரணக் கூட்டமாகவே முடியும். ஆகவே நாற்காலிகளை வரவழைத்து, மடித்துச் சுவரோரம் சாத்தி வையுங்கள். ஜமக்காளத்தை விரிக்காதீர்கள், வெறும் தரை. நாற்காலி கண்ணில் படவேண்டும், அதில் யாரும் உட்காரக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மணைப்பலகையோ ஓர் அடிக்கு மேல் உயராத முக்காலியோ போடலாம், விதியே தாழ்ந்த இருக்கையை அனுமதிக்கிறது.

குழல்விளக்குகளை அணைத்து, வாசிப்பவருக்கு மட்டும் ஒரு விளக்கு. உள்ளே வருபவர்களுக்கு வணக்கம் சொல்வதில்லை, தண்ணீர் நீட்டுவதில்லை. இதை வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மூத்தவர்கள் தங்களை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் துக்கம் விசாரிக்கப் போனால் "போய்ட்டு வர்றேன்" சொல்லாமல் எழுந்து வருகிறோமே, அது தெரிந்த எல்லாருக்கும் இது சட்டென்று பிடிபடும்.

தொடக்கத்தில் ஐந்து நிமிடம் பேச்சில்லை. வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே உட்கார்ந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். துக்கப்படுபவர் முதலில் பேசட்டும் என்ற யூத வழக்கத்துக்கு அந்த இடம்தான் அடிப்படை.

பிறகு வாசிப்பு. தீஷா பே-ஆவ் இரவில் புலம்பல் ஆகமம் ஐந்து அதிகாரமும், 154 வசனமும், தாழ்ந்த குரலில் வாசிக்கப்படும். உங்களுக்கு ஐந்தாம் அதிகாரம் மட்டும் போதும், 22 வசனம், ஆறேழு நிமிடம். மற்ற அதிகாரங்களில் நகரம் கைம்பெண்ணாகவும், அடிபட்ட ஒருவன் 'நான்' என்றும் பேசுவார்கள். ஐந்தாவது முழுக்க 'நாங்கள்' என்று போகிறது. நாலாவது வசனத்தில் தண்ணீரைக் காசு கொடுத்துக் குடிக்கிறோம், விறகும் விலைக்குத்தான் வருகிறது என்று வரும். காவிரிக் கடைமடையில் அந்த வரிக்கு விளக்கம் தேவையில்லை, வாசிப்பவர் அங்கே நிறுத்தி விளக்கவும் வேண்டாம்.

இங்கே தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. கடைசி வசனம் 22 மிகக் கசப்பானது, கடவுள் எங்களை அடியோடு தள்ளிவிட்டாரோ என்று முடிகிறது. யூதர்கள் அதோடு நிறுத்துவதில்லை. அதற்கு முந்தைய 21-ஆம் வசனத்தை, எங்கள் நாட்களைப் புதிதாக்கும் என்ற வேண்டுதலை, எல்லாரும் சேர்ந்து இன்னொரு முறை சொல்லித்தான் முடிப்பார்கள். தமிழ் வேதாகமத்தில் அப்படி அச்சாகியிருக்காது. வாசிப்பவர் 22-இல் புத்தகத்தை மூடிவிடுவார். தாளில் நகலெடுத்து, 21-ஐக் கடைசியில் மறுபடி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

யாருக்காவது ஒப்பாரி வருமென்றால் இந்த இடத்தில் ஒன்று வைக்கலாம், பொருந்தும். கீனா என்ற யூதப் புலம்பல் ஒருத்தி சொல்ல மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுப்பது என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவே விளக்குகிறது. நம் ஒப்பாரியும் பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் குடமுருட்டி சொன்ன பாடைப் போராட்ட வாடை அதில் வந்துவிடக் கூடாது. யாரையும் சபிக்கும் அடிகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து சுற்று. ஆளுக்கு ஒரு நிமிடம். எதை இழந்தோம் என்று பொருளைச் சொல்லவேண்டும், ஆளைச் சொல்லக் கூடாது. இந்த வாய்க்கால் தூர்வாரப்படும் என்று நம்பினேன், இந்தக் கொள்முதல் நிலையத்துக்குக் கூரை வரும் என்று நினைத்தேன், இப்படி. யாரும் பதில் சொல்லக் கூடாது, ஆறுதலும் சொல்லக் கூடாது, புள்ளிவிவரம் கொண்டு திருத்தவும் கூடாது. கடிகாரம் பார்க்க ஒருவரை வையுங்கள், இல்லாவிட்டால் முதல் இரண்டு பேரோடு அரை மணி போய்விடும். இருபது பேருக்கு 20 நிமிடம், பேசாமல் கையசைத்து விட்டுவிடுவோரும் இருப்பார்கள்.

பிறகு ஒரு கதை, பத்து நிமிடம். இரண்டாம் ஆலயம் ஏன் அழிந்தது என்பதற்குத் தல்மூத் ரோமர்களைக் குற்றம் சொல்லி நிறுத்துவதில்லை. எருசலேமில் ஒருவன் நண்பன் கம்ஸாவை விருந்துக்கு அழைக்க ஆளனுப்பினான். வேலையாள் தவறுதலாகப் பகையாளி பார் கம்ஸாவை அழைத்து வந்தான். வீட்டுக்காரன் எழுந்து போ என்றான். வந்தவன் என் சாப்பாட்டுக்குக் காசு தருகிறேன், பாதி விருந்துச் செலவைத் தருகிறேன், முழுச் செலவையும் தருகிறேன், மானத்தை வாங்காதே என்று கெஞ்சினான். கையைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். பந்தியில் இருந்த பெரியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் நேராக ரோமரிடம் போய், யூதர்கள் கலகம் செய்கிறார்கள் என்று கோள் சொன்னான். தீஷா பே-ஆவ் அன்று வேத பாடம் படிக்கத் தடை உண்டு, ஆனால் இந்தப் பகுதியைப் படிக்க அனுமதி உண்டு. நம் பக்கத்தில் எந்தப் பந்தியில் யாரை எழுப்பிவிட்டோம் என்ற கேள்வியை வைத்துப் பேசலாம். எதிரணியைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் நெறியாளர் நிறுத்தவேண்டும்.

கடைசி கால் மணிதான் முக்கியம். தீஷா பே-ஆவில் நண்பகல் ஆனதும் நோன்பு தொடரும்போதே தரையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஷிவா முடியும் ஏழாம் நாள் காலையிலும் எழுந்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வரும் வழக்கம் பலரிடம் உண்டு. எழுவதும் சடங்கின் பகுதி. விளக்குகளைப் போடுங்கள், எல்லாரும் எழுந்து ஆளுக்கொரு நாற்காலியை விரித்து உட்காருங்கள். அந்தக் கால் மணியில் அடுத்த மாதத்துக்கு ஒரே ஒரு வேலையை முடிவு செய்யுங்கள்.

வீரசோழன்

பட்டினி கேள்விக்கு மட்டும் பதில். வேண்டாம். யூத நோன்பில் தண்ணீரும் கிடையாது. தஞ்சை வெயிலில் பழக்கமில்லாத இருபது பேர் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இரண்டு பேராவது மயங்கி விழுவார்கள். சிறு நோன்புகளில் கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவருக்கும் நோயாளிக்கும் அங்கேயே விலக்கு உண்டு.

இதைவிடப் பெரிய காரணம் தல்மூத்தில் பாவா பத்ரா 60-ஆம் ஏட்டில் இருக்கிறது. ஆலயம் அழிந்த பிறகு பலர் இறைச்சியும் திராட்சை ரசமும் தொடமாட்டோம் என்று கிளம்பினார்கள். பலி நின்றுபோனதே, எப்படிச் சாப்பிடுவது என்றார்கள். ரப்பி யோசுவா கேட்டார்: அப்படியானால் ரொட்டியும் வேண்டாமே, தானியக் காணிக்கையும்தான் நின்றுவிட்டது. பழம் சாப்பிடுகிறோம் என்றார்கள். முதற்கனிக் காணிக்கையும் நின்றுவிட்டதே என்றார். கடைசியில் தண்ணீரும் வேண்டாம், ஆலயத்தில் ஊற்றும் தண்ணீரும் நின்றுவிட்டதே என்றதும் வாயடைத்துப் போனார்கள். அவர் சொன்ன தீர்வு: துக்கப்படாமலும் இருக்க முடியாது, அளவுமீறியும் கூடாது, பெரும்பாலோரால் தாங்க முடியாததைப் பொதுமக்கள்மேல் சுமத்தக் கூடாது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடி, ஆனால் ஒரு முழத்துக்கு ஒரு முழம் இடத்தைப் பூசாமல் விடு. விருந்து வை, ஒரு பண்டத்தைக் குறை. நகை போடு, ஒன்றை விடு.

முழம் என்றால் நம் கணக்குதான், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. பூசாத இடம் வாசலுக்கு எதிரே, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் சுவரில் இருக்கவேண்டும். வட்டத்துக்குச் சொந்தமாகப் படிப்பகம் இருந்தால் அடுத்த வெள்ளையடிப்பில் இதைச் செய்யலாம். வாடகை இடம் என்றால் வேண்டாம், உரிமையாளர் ஆளை வைத்துப் பூசிவிட்டுக் கூலியை உங்களிடம் கேட்பார்.

ஆண்டுதோறும் நடத்தலாம் என்று யாராவது கிளம்பினால் அதையும் இதே அளவுகோலில் வையுங்கள். ஒரு தேர்தலுக்கு ஆண்டு நினைவு நாள் வைத்தால் ஐந்து வருடத்தில் அடுத்தது வந்துவிடும், காலண்டரில் இடம் இருக்காது. தீஷா பே-ஆவ் அன்றே வைப்போம் என்பதும் இங்கே ஒத்துவராது. அது பல ஆண்டுகளில் ஆடியில் விழும். 2025-இல் ஆகஸ்ட் 3, சரியாக ஆடிப்பெருக்கு. ஊரே படித்துறையில் மஞ்சள் கயிறும் கலந்த சாதமுமாக நிற்கும் நாளில் நீங்கள் தரையில் உட்கார்ந்திருக்க முடியாது.

குடமுருட்டி

யூதர்கள் துக்கத்துல சட்டையைக் கிழிக்கிறது பத்தி யாரும் கேட்கலையேன்னு பார்த்தேன். யாராவது கண்டிப்பா கேட்பாங்க, படங்கள்ல பார்த்திருப்பாங்க.

வெண்ணாறு

கேட்பார்கள். பொதுவான கெட்ட செய்திக்கும் துணி கிழிக்கும் விதி உண்டு, மன்னர் சவுலும் அவர் மகன் யோனத்தானும் போரில் விழுந்த செய்தி கேட்டுத் தாவீது கிழித்ததிலிருந்து அது வருகிறது. ஆனால் சட்ட நூல் தரும் உதாரணம், ஜனம் திரண்டு போருக்குப் போய் எதிரியிடம் முறியடிக்கப்பட்டது. வாக்குச் சீட்டுத் தோல்வி அந்த அளவுக்கு வராது. விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

பிடிவாதம் பிடித்தால் காடாத் துணியில் சிறு துண்டுகளாகச் செய்யுங்கள். 90 செ.மீ. அகலத் துணியில் அரை மீட்டர் எடுத்தால் 6-க்கு 18 செ.மீ. அளவில் 30 துண்டு வரும். நீளவாட்டம் துணியின் கரையோடு போகவேண்டும், அப்போதுதான் நேராகக் கிழியும். விளிம்பில் கத்தரியால் சிறு வெட்டு, மீதியைக் கையால் நீளவாக்கில் நாலு விரற்கடை அளவு. நின்றுகொண்டுதான் கிழிக்கவேண்டும். பொதுக் கேட்டுக்குக் கிழித்த துணியை நூலோட்டி இணைக்கலாம், முழுதாகத் தைத்துப் பழையபடி ஆக்கக் கூடாது. எபிரேய ஆசீர்வாதம் எதுவும் சொல்லாதீர்கள், தலையில் குல்லாவும் வேண்டாம். இது எங்கிருந்து எடுத்தது என்று தொடக்கத்தில் இரண்டு வரி சொன்னால் போதும்.

அடுக்களை திருவாரூர்

ஜெயித்த பக்கத்துக்காரர்களை என்ன செய்வது என்று கேட்டீர்கள். சமைக்கச் சொல்லுங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் துக்க வீட்டார் சாப்பிடும் முதல் சாப்பாடு அவர்களுடையதாக இருக்கக் கூடாது, பக்கத்து வீட்டார் கொண்டுவர வேண்டும் என்பது யூத விதி. நம் பக்கமும் சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம், சம்பந்தி வீட்டாரோ பங்காளி அல்லாத உறவோதான் சோறு கொண்டுவருவார்கள். உங்கள் வட்டத்தில் துக்கம் இல்லாதவர்கள் அந்த இரண்டு மூன்று பேர்தான். சமைப்பதும் பரிமாறுவதும் அவர்கள் பொறுப்பு. ஒரு மணி நேரம் முடிந்து நாற்காலி போட்ட பிறகு அவர்கள் உள்ளே வந்தால் போதும், முன்னால் உட்காரவைத்து அவர்கள் எதிரில் புலம்பவேண்டியதில்லை. அவர்களிடம் தனியாகப் போய்க் கேளுங்கள், குழுவில் செய்தி போட்டுக் கேட்டால் குத்திக்காட்டுவதாகத் தெரியும்.

பண்டம்: முழு மசூரும் அவித்த முட்டையும். இரண்டும் உருண்டை, துக்கம் உருண்டு எல்லார் வீட்டுக்கும் வரும் என்று பொருள். மசூருக்கு வாய் மாதிரி பிளவு கிடையாது, துக்கப்படுபவருக்கும் வாய் இல்லை என்பார்கள். அதனால் உடைத்த பருப்பு கணக்கில் வராது. மளிகைக் கடையில் மைசூர் பருப்பு என்று கேட்டால் ஆரஞ்சு நிற உடைத்த பருப்பைத்தான் கட்டிக் கொடுப்பார்கள். தோலோடு, பழுப்பு நிறத்தில், முழுசாக என்று சொல்லி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் காய்ந்த பச்சைப் பட்டாணி. கொண்டைக்கடலைக்கு மூக்கு, தட்டைப்பயறுக்குக் கண், இரண்டும் வேண்டாம்.

இருபது பேருக்கு ஒன்றேகால் கிலோ மசூர். கழுவி, நாலு லிட்டர் தண்ணீரில் மிதமான தீயில் 25 முதல் 30 நிமிடம். குக்கரில் வைத்தால் விசில் கொஞ்சம் கூடினாலும் குழைந்து கூழாகிவிடும், உருண்டை தெரியாது, திறந்த பாத்திரமே நல்லது. நசுக்கிப் பார்த்து வெந்ததும் உப்பு. நல்லெண்ணெயில் அரை கிலோ சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. புளி, தேங்காய், பாயசம் எதுவும் வேண்டாம், இது விருந்து இல்லை. முட்டை ஆளுக்கு ஒன்று, கொதி வந்தபின் 10 நிமிடம். சாப்பிடாதவர்களுக்குப் பேக்கரியில் உருண்டை பன் வாங்கிவிடுங்கள்.

பரிமாறும் பாத்திரம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பணக்காரர் வீட்டுத் துக்கத்துக்கு வெள்ளிக் கூடையிலும் ஏழை வீட்டுக்கு உரித்த வில்லோ மரக் குச்சிக் கூடையிலும் சாப்பாடு போனதாம், ஏழைகள் கூசினார்கள். இனி எல்லாருக்கும் குச்சிக் கூடைதான் என்று ரப்பிகள் மாற்றினார்கள். தலைவாழை இலை போடாதீர்கள், பந்தி மாதிரி ஆகிவிடும். மந்தாரை இலைத் தொன்னை போதும், 50 வாங்கினால் ஓட்டை உடைசல் போக மிஞ்சும். ஓரத்தில் ஒழுகும், இரண்டிரண்டாக அடுக்கிக் கொடுங்கள். காபி கடைசியில்.